வில்லி நெல்சனின் 'ரெட் ஹெடெட் ஸ்ட்ரேஞ்சர்' ஏன் இவ்வளவு வெறுமையாக ஒலிக்கிறது?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கிராமப்புற மரபில் வளர்ந்த கன்ட்ரி இசையின் உச்சங்களில் ஒன்று என்று எல்லோரும் சொல்லும் வில்லி நெல்சனின் 'ரெட் ஹெடெட் ஸ்ட்ரேஞ்சர்' ஆல்பத்தைக் கேட்டால், பாதி வேலையில் நிறுத்திவிட்ட ஒத்திகைப் பதிவுபோல இருக்கிறது, ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது, கதையும் பிடிபடவில்லை. அப்படியானால் இதில் பெரிதாக என்ன இருக்கிறது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒத்திகைப் பதிவுபோல இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றியதில் பிழை ஒன்றும் இல்லை. 1975ஆம் ஆண்டு இந்த ஒலிநாடாவை முதன்முதலில் கேட்ட கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் மேலாளர்களுக்கும் அப்படியேதான் தோன்றியது. இனிமேல்தான் வயலின்களையும் கோரஸையும் சேர்த்து முழுப் பாடல்களாக ஆக்கப்போகிறார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். ஆனால் அதுதான் முடிந்த வடிவம். ஒலியைக் குறைத்தது பணமோ நேரமோ போதாததால் நேர்ந்தது அன்று. பத்து ஆண்டுகளுக்கு மேல் பிறர் விருப்பத்துக்குப் பாடிய ஒரு மனிதர், முழு உரிமை கையில் வந்ததும் எடுத்த முதல் முடிவு. அது ஏன் முக்கியமானது என்பதற்கு அதற்கு முந்தைய கதை தெரிய வேண்டும்.

டெக்சஸ் மாநிலத்தின் ஆபட் என்ற சிற்றூரில் 1933இல் பிறந்த வில்லி நெல்சனையும் அவருடைய அக்கா பாபியையும் வளர்த்தவர்கள் தாத்தாவும் பாட்டியும். கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் நகரத்துக்கு 1960இல் வந்தபோது அவர் பெயர் பாடலாசிரியராகத்தான் பரவியது. பாட்சி க்ளைன் 1961இல் பாடிய 'கிரேஸி', அதே ஆண்டு ஃபேரன் யங் பாடிய 'ஹலோ வால்ஸ்' ஆகியவை அவர் எழுதியவை. எழுதுவதற்குக் கிடைத்த மதிப்பு பாடுவதற்குக் கிடைக்கவில்லை. தாளம் விழுந்த பிறகு சொல்லை எடுப்பார், அடுத்த வரியில் விரைந்து வந்து சேர்ந்துகொள்வார். சில இடங்களில் பாடுகிறாரா பேசுகிறாரா என்றே தெரியாது. மூக்கொலி கலந்த, உலர்ந்த குரல். ஜாஸ் கேட்டுப் பழகிய காதுக்கு இது இன்பமாக இருக்கும். அன்றைய நாஷ்வில்லின் அச்சில் இது அடங்கவில்லை.

அந்த அச்சு எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ராக் அண்ட் ரோல் இளைஞர்களை அள்ளிக்கொண்டு போன 1950களின் பிற்பாதியில், செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி போன்ற தயாரிப்பாளர்கள் நகரத்து நடுவயதுக்காரர்களும் கேட்கும்படி கன்ட்ரி இசையை மெருகேற்றினார்கள். கிராமத்துப் பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் பின்னுக்குத் தள்ளி, வயலின் கூட்டத்தையும் மென்மையான கோரஸையும் முன்னே கொண்டுவந்தார்கள். 'நாஷ்வில் சவுண்ட்' என்று பெயர் பெற்றது இதுதான். பாடகர் ஊர் ஊராக யாரோடு வாசித்தாலும் பதிவுக்கூடத்தில் வாசிப்பவர்கள் வேறு. ஒரு சிறிய, மிகத் திறமையான கூலிக் கலைஞர் குழு மூன்று மணி நேர அமர்வில் மூன்று நான்கு பாடல்களை முடித்துக் கொடுக்கும். பாடகர் தன் பங்கைப் பாடிவிட்டுப் போகலாம். மேலே என்ன பூசுவது என்பதைத் தயாரிப்பாளர் தீர்மானிப்பார். இந்த முறையில் பிறந்த அருமையான பதிவுகள் ஏராளம், அதை இழிவாகப் பேச எனக்கு மனம் இல்லை. பாட்சி க்ளைனின் குரலுக்கு அது பட்டுத்துணிபோலப் பொருந்தியது. வில்லிக்குப் பொருந்தவில்லை. தாளத்தைத் தள்ளிப்போட்டுப் பாடுபவரின் அழகு அவரைச் சுற்றியுள்ள இடைவெளியில் இருக்கிறது. அந்த இடைவெளியை வயலின்களால் நிரப்பிவிட்டால், அவர் தாளம் தவறுகிறார் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். 1960களின் நடுவிலிருந்து ஆர்சிஏ நிறுவனத்துக்காக அவர் பாடிய பல பதிவுகளில் இந்தக் குறை வெளிப்படையாகத் தெரிகிறது.

1970இன் இறுதியில் டென்னசியில் இருந்த அவருடைய வீடு தீப்பற்றி எரிந்தது. குடும்பத்தோடும் குழுவோடும் டெக்சஸில் பண்டேரா என்ற ஊரில் மூடிக்கிடந்த ஒரு பண்ணை விடுதியில் சில காலம் தங்கினார். 1971இல் பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு மனிதனின் வாழ்வைத் தொடர்கதையாகப் பாடும் 'யெஸ்டர்டேஸ் வைன்' ஆல்பத்தைக் கொடுத்தார், விற்கவில்லை. 1972இல் ஆஸ்டின் நகரத்தில் குடியேறினார். அங்கே ஆர்மடில்லோ வேர்ல்ட் ஹெட்குவார்ட்டர்ஸ் என்ற கூடத்தில், நீள்முடி வளர்த்த கல்லூரி இளைஞர்களும் தொப்பி அணிந்த மாட்டுப் பண்ணைக்காரர்களும் ஒரே இடத்தில் நின்று அவருடைய பாட்டைக் கேட்டார்கள். வியட்நாம் போர் நாட்டையே பிளந்துவைத்திருந்த காலத்தில் அது எளிதில் நடக்கக்கூடியது அன்று.

அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர் அவரை அவர் போக்கில் விட்டார். 1973இல் 'ஷாட்கன் வில்லி', 1974இல் 'ஃபேசஸ் அண்ட் ஸ்டேஜஸ்'. இரண்டாவது ஆல்பத்தில் ஒரு மணமுறிவை இசைத்தட்டின் ஒரு பக்கம் மனைவியின் வாயாலும் மறுபக்கம் கணவனின் வாயாலும் சொன்னார். அதே ஆண்டு அட்லாண்டிக் தன் நாஷ்வில் கன்ட்ரிப் பிரிவை மூடிவிட, வில்லியின் மேலாளர் நீல் ரெஷன் கொலம்பியாவோடு பேரம் பேசினார். அதில் பெற்ற உரிமைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை: என்ன பாடுவது, யார் வாசிப்பது, எங்கே பதிவது, எப்போது முடிந்தது என்பதையெல்லாம் பாடகரே முடிவு செய்வார்.

ஆல்பத்தின் தலைப்புப் பாடலை எழுதியவர் வில்லி இல்லை. வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரத்தில் பத்திரிகையில் பணியாற்றிய ஈடித் லிண்ட்மன் சொற்களை எழுத, வானொலி அறிவிப்பாளர் கார்ல் ஸ்டட்ஸ் மெட்டமைத்தார். ஆர்தர் ஸ்மித் 1950களில் அதைப் பாடிப் பதிவு செய்தார். ஃபோர்ட் வொர்த் நகர வானொலியில் வேலை பார்த்த நாட்களில், குழந்தைகளுக்கான நேரத்தில் வில்லி இந்த இசைத்தட்டைச் சுழலவிடுவார். தன் பிள்ளைகளைத் தூங்கவைக்கவும் இதையே பாடியிருக்கிறார். கொலைகளைச் சுற்றி வரும் ஆல்பத்தின் விதை ஒரு தாலாட்டில் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாடும் தொனி ஏன் அவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது அப்போது விளங்கும். கொலராடோவிலிருந்து ஆஸ்டினுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தபோது, புதிய ஆல்பத்துக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தது. அந்தப் பழைய பாட்டை எடுக்கலாமே என்று மனைவி கோனி சொன்னார். தலைப்பு குறிக்கும் அந்தச் செந்தலை அந்நியன் யார், ஏன் அப்படித் திரிகிறான், முன்பு என்ன நடந்தது, பின்பு என்ன ஆனான் என்று வழியெல்லாம் வில்லி கதை கட்ட, கோனி எழுதிக்கொண்டார்.

கதை இது. மொண்டானாவின் புளூ ராக் ஊரைச் சேர்ந்த ஒரு மதபோதகர். ஆண்டு 1901. மனைவி பழைய காதலனோடு போய்விடுகிறாள். அவர் குழந்தைபோல அழுகிறார், நள்ளிரவில் சிறுத்தைபோல அலறுகிறார், குதிரைக்குச் சேணம் பூட்டிக் கிளம்புகிறார். இருவரையும் ஒரு மதுக்கடையில் கண்டு கொன்றுவிடுகிறார். பிறகு கறுப்புக் குதிரையில் ஏறி, இறந்தவளின் செந்நிறக் குதிரையைப் பின்னால் நடத்திக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார். ஒரு பொன்முடிப் பெண் அந்தக் குதிரைமேல் ஆசைப்பட்டு அதைப் பிடிக்க, அவளையும் சுட்டுவிடுகிறார். குதிரை திருட வந்தவளைக் கொன்றதற்குத் தூக்கு இல்லை என்பதால் விடுதலை. இரண்டாம் பக்கத்தில் டென்வர் நகரம், ஒரு நடனம், புதிதாக ஒருத்தி, மெல்ல மெல்ல ஓர் ஆறுதல்.

ஒரே மெட்டு திரும்ப வருகிறது என்ற உங்கள் குறைக்கு இனி வருகிறேன். 'டைம் ஆஃப் த பிரீச்சர்' முதற்பக்கத்தில் மூன்று முறை வருகிறது: முதலில் முழுப் பாட்டாக, பிறகு இரண்டு முறை சிறு துண்டாக. மெட்டு மாறாது, முடியும் சொற்களைக் கவனியுங்கள். முதல் முறை, பிரசங்கம் முடிந்தது, பாடம் தொடங்கியது என்று முடிகிறது. இரண்டாம் முறை, பாடம் முடிந்தது, கொலை தொடங்கியது என்கிறது. மூன்றாம் முறை, எல்லாம் முடிந்தது என்று நீ நினைக்கும்போதுதான் அது தொடங்குகிறது என்கிறது. கதையை நகர்த்துவது இந்த மூன்று வரி முடிவுகள்தாம். ஒரு நாவலாசிரியர் பல பக்கங்கள் எழுதிக் காட்ட வேண்டிய மனமாற்றத்தை வில்லி ஒரே மெட்டின் மேல் இரண்டு சொற்களை மாற்றிவைத்துக் காட்டிவிடுகிறார்.

இதைவிட நுட்பமான இன்னோர் இடம் இருக்கிறது. இந்த ஆல்பத்தில் நான் மிகவும் போற்றுவது அதைத்தான். முதற்பக்கத்தில் கொலை நடக்கும் பாடலில், அன்று மாலை ஊருக்குள் ஒதுக்குப்புறமாக இருந்த ஓர் அமைதியான மதுக்கடையில் அவர்களைக் கண்டான், அவன் கதவு வழியே நுழைந்தபோது அவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கவே இறந்தார்கள் என்று வருகிறது. இரண்டாம் பக்கத்தின் முதல் பாடலான 'டென்வர்' ஏறத்தாழ அதே வரிகளைத் திரும்பச் சொல்கிறது: அன்று மாலை, அதே போன்ற ஓர் ஒதுக்குப்புற மதுக்கடை, அவன் கதவு வழியே நுழைகிறான், ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். இந்த முறை சிரிப்பவர்கள் அவனும் ஒரு பெண்ணும். முகத்தில் சிரிப்போடு அவர்கள் நடனமாடுகிறார்கள். இறந்தார்கள் என்றிருந்த இடத்தில் ஆடினார்கள் என்று வருகிறது. வேறெதுவும் பெரிதாக மாறவில்லை. அவன் திருந்தினான் என்றோ மன்னிக்கப்பட்டான் என்றோ எந்த வரியும் சொல்வதில்லை. முன்பு வாசலில் நின்று கொன்ற அதே மாதிரியான இடத்தில் இப்போது அவன் கை ஒரு பெண்ணின் கையைப் பிடித்திருக்கிறது என்பதைக் கேட்பவரே உணர்ந்து திடுக்கிட வேண்டும். பின்னணியில் நாற்பது வயலின்கள் உருகிக்கொண்டிருந்தால், இந்த ஒற்றுமை யார் காதிலும் விழாமல் போயிருக்கும்.

பாடல்களின் வரிசையும் அப்படித்தான். கொலை முடிந்தவுடன் வருவது 'புளூ ஐஸ் கிரையிங் இன் த ரெயின்'. நாஷ்வில்லின் முதல் பெரிய பாடல் பதிப்பகமான ஏகஃப்-ரோஸை ராய் ஏகஃபோடு சேர்ந்து நிறுவிய ஃப்ரெட் ரோஸ் 1940களில் எழுதிய பாட்டு. ஏகஃபே 1947இல் பாடியிருந்தார். தனியாகக் கேட்டால், பிரிந்துபோன காதலியை முதுமையில் நினைத்து, மறுமையில் சந்திப்போம் என்று ஆறுதல் கொள்ளும் ஒருவரின் எளிய பாட்டு. இந்த ஆல்பத்தில் அந்தக் காதலியைக் கொன்றவனே பாடுகிறான். ஒரு சொல்கூட மாறாமல், பாட்டின் பொருள் தலைகீழாகிவிடுகிறது. மழையில் அழும் அந்த நீலக் கண்களை அவன் எப்போது கடைசியாகப் பார்த்தான் என்று எண்ணும்போது எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது. பிறர் எழுதிய பழைய பாடல்களைத் தன் கதைக்குள் வைத்து அவற்றுக்குப் புதுப்பொருள் தரும் இந்த வேலை, புதிதாகப் பாட்டு எழுதுவதைவிடக் கடினமானது. எடி ஆர்னால்டின் பழைய பாட்டு, ஹாங்க் காக்ரனின் பாட்டு, ஸ்காட் வைஸ்மனின் பாட்டு எல்லாம் அப்படித்தான் கதைக்குள் வந்து அமர்கின்றன.

முதற்பக்கம் முடியும் இடத்தில் சொற்களே இல்லாமல் பியானோவில் ஒரு கீதம் வருகிறது: 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்'. ஷார்லட் எலியட் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய இந்தக் கீதத்தைத் தமிழ்த் திருச்சபைகளில் வளர்ந்தவர்கள் 'நான் பாவிதான் ஆனாலும் நீர்' என்று பாடியிருப்பார்கள். அமெரிக்கத் தெற்கில், ஆராதனையின் முடிவில் பாவிகளை முன்னே வரச்சொல்லி அழைக்கும்போது பாடப்படுவது அதுதான். மூன்று கொலைகள் செய்துவிட்ட ஒரு போதகர், எத்தனையோ பேரை இந்தக் கீதத்தால் அழைத்திருக்கக்கூடியவர், இப்போது தானே அந்த அழைப்பைக் கேட்கிறார். சொற்களைப் பாடியிருந்தால் அது ஒரு போதனையாகியிருக்கும். பாபி நெல்சன் பியானோவை மட்டும் வாசிக்கிறார், வில்லி வாய்திறப்பதில்லை.

பதிவு நடந்தது 1975 ஜனவரியில், டல்லஸுக்குப் பக்கத்தில் கார்லண்ட் என்ற ஊரில் இருந்த ஆட்டம் சவுண்ட் என்ற ஸ்டூடியோவில். ஒலிப்பதிவாளர் ஃபில் யார்க். நாஷ்வில்லின் கூலிக் கலைஞர்கள் ஒருவரும் இல்லை, வில்லியோடு ஊர் ஊராகச் சுற்றிய குழுவே வாசித்தது. அக்கா பாபி பியானோவில், பால் இங்லிஷ் டிரம்ஸில், பீ ஸ்பியர்ஸ் பாஸில், மிக்கி ரஃபேல் மவுத் ஆர்கனில், ஜோடி பெய்ன் கிட்டாரிலும் மாண்டலினிலும். பக்கி மெடோஸும் உடன் இருந்தார். சில நாட்களில் பதிவு முடிந்துவிட்டது. செலவு சுமார் 4,000 டாலர் என்று சொல்லப்படுகிறது, அன்றைய நாஷ்வில் கணக்கில் அது மிகச் சொற்பம்.

இந்தக் குழுவின் பெருமை, அவர்கள் எதை வாசிக்காமல் விட்டார்கள் என்பதில்தான் அதிகம் தெரிகிறது. மிக்கி ரஃபேல் ஒரு பாட்டு முழுவதும் வாசிக்கமாட்டார். ஒரு வரி முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில் இரண்டு மூன்று சுரங்களை நீட்டிவிட்டு ஒதுங்கிவிடுவார். டிரம்ஸ் பெரும்பாலும் அடங்கியே இருக்கும், பல இடங்களில் இருப்பதே தெரியாது. நடுவில் வில்லியின் நைலான் தந்திக் கிட்டார். கன்ட்ரி இசையில் எஃகுத் தந்தி வைத்த கிட்டார்தான் வழக்கம். இவரோ 1969இல் கிடைத்த மார்ட்டின் நிறுவனத்தின் கிளாசிக்கல் வகைக் கிட்டார் ஒன்றை, உடைந்துபோன தன் பழைய கிட்டாரின் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்னொலியாக்கும் கருவி) பொருத்தி வைத்துக்கொண்டார். ராய் ரோஜர்ஸ் படங்களில் வரும் குதிரையின் பெயரான 'டிரிக்கர்' என்பதை அதற்கு இட்டார். வாசித்து வாசித்து ஒலித்துளைக்குப் பக்கத்தில் மரமே தேய்ந்து இன்னொரு ஓட்டை விழுந்துவிட்டது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஐரோப்பிய ஜிப்சி ஜாஸ் கலைஞரை உயிராகக் கொண்டாடுபவர் வில்லி. அந்தச் சாயல் அவருடைய விரலில் இருக்கிறது, மெக்சிகோ எல்லைப்புறத்தின் சாயலும் கூடவே இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் டென்வர் நடனத்தின் பின்னணியாக வரும் வால்ட்ஸ், மெக்சிகோவின் ஹுவென்டினோ ரோசஸ் 19ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'சோப்ரே லாஸ் ஓலாஸ்' என்பது. சர்க்கஸ் இசையாக உலகமெல்லாம் பழகிப்போன மெட்டு. எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும்.

'புளூ ஐஸ்' பாட்டை மட்டும் தனியாக எடுத்து, நல்ல ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள். இரண்டரை நிமிடம்கூட இல்லை. கிட்டாரில் மெட்டின் சில சுரங்கள், பாஸ் நிதானமாக அடிவைக்கிறது, உடனே குரல். வரியின் முதல் சொல்லை வில்லி எங்கே எடுக்கிறார் என்று பாருங்கள்: பாஸின் அடி விழுந்துவிட்டது, அவர் இன்னும் வரவில்லை, வந்தபின் அவசரமே இல்லாமல் சொற்களை வைக்கிறார். நடுவில் கிட்டார் தனியாக வரும்போது விரல்வித்தை காட்டவில்லை. பாடிய மெட்டையே, பாடிய அதே தயக்கத்தோடு வாசிக்கிறார். குரலும் கிட்டாரும் ஒரே ஆள் இரண்டு வழியில் பேசுவதாக இருக்கிறது. ஆர்சிஏ காலத்தில் தாளம் தவறுவதுபோலத் தோன்றிய அதே பழக்கம், சுற்றிலும் இடம் விட்டவுடன் துயரமாக மாறிவிடுகிறது. இந்த ஆல்பம் ஏன் வெறுமையாக ஒலிக்கிறது என்ற உங்கள் கேள்விக்கு இந்தப் பாட்டே போதுமான விடை என்று நினைக்கிறேன்.

ஒலிநாடாவை எடுத்துக்கொண்டு நீல் ரெஷனும் பாடகர் வேலன் ஜென்னிங்ஸும் நியூயார்க்கில் கொலம்பியாவின் புரூஸ் லண்ட்வாலைப் பார்க்கப் போனார்கள். கேட்டுவிட்டு அவர், இதை நாஷ்வில்லில் இருக்கும் பில்லி ஷெரிலிடம் அனுப்பிக் கொஞ்சம் மெருகேற்றலாமே என்றார். ஷெரில் சாதாரண ஆள் இல்லை. டாமி வைனெட், ஜார்ஜ் ஜோன்ஸ் ஆகியோரின் பெரும் வெற்றிகளைத் தயாரித்தவர். ஆனால் அது வில்லியின் உலகம் அன்று. வேலன் கொதித்தெழுந்து, லண்ட்வாலுக்குக் காதே கேட்கவில்லை என்ற பொருளில் கடுமையாகத் திட்டிவிட்டார். ஒப்பந்தம் தெளிவாக இருந்ததால் நிறுவனம் இறங்கிவந்தது, 1975 மே மாதம் ஆல்பம் அப்படியே வெளிவந்தது. லண்ட்வாலைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆண்டு வானொலியில் ஓடிக்கொண்டிருந்தவற்றோடு வைத்துப் பார்த்தால், எந்த நேர்மையான வியாபாரியும் தயங்கத்தான் செய்திருப்பார். புரியாவிட்டாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதை அவர் கணக்கில் எழுத வேண்டும்.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 'புளூ ஐஸ்' 1975 அக்டோபரில் பில்போர்டு கன்ட்ரிப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. பதினான்கு ஆண்டுகளாக அவர் எழுதியவை பிறர் குரலில் முதலிடம் கண்டிருந்தன. வில்லி பாடகராக முதலிடம் கண்டது இதுவே முதல் முறை, அதுவும் வேறொருவர் எழுதிய பாட்டால். பொதுப் பட்டியலிலும் அது 21ஆம் இடம் வரை ஏறியது. சிறந்த ஆண் கன்ட்ரிப் பாடகருக்கான கிராமி விருதும் கிடைத்தது. 'ரிமெம்பர் மீ' இரண்டாம் இடம் வந்தது. ஆல்பம் கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம் பிடித்து, 1976இல் விற்பனைக்கான கோல்ட் சான்று பெற்று, பின்னர் இரட்டை பிளாட்டினம் ஆனது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இதையும் சேர்த்திருக்கிறது. 1976இல் வேலன், வில்லி, ஜெஸி கோல்டர், டாம்பால் கிளேசர் ஆகியோரின் பாடல்களைத் தொகுத்து வெளியிட்ட 'வான்டட்! தி அவுட்லாஸ்' பிளாட்டினம் சான்று பெற்ற முதல் கன்ட்ரி ஆல்பமானது. அந்தப் பெயரால் இவர்களைச் சட்டத்துக்கு அடங்காத முரடர்களாகச் சித்தரிப்பது வழக்கமாகிவிட்டது. என் பார்வையில் அவர்கள் போராடியது மிகவும் நியாயமான, தொழில் சார்ந்த ஒன்றுக்காக: தங்கள் குழுவோடு, தங்களுக்குப் பிடித்த இடத்தில், தங்கள் பாட்டைத் தாங்களே பதிவது. ராக் இசைக் குழுக்களுக்கு அன்றைக்கே கிடைத்திருந்த உரிமைதான் அது.

இந்த ஆல்பத்தின்மேல் எனக்கு இருக்கும் மனத்தடையையும் சொல்லாமல் விடக்கூடாது. இதில் கொல்லப்படும் பெண்கள் இருவருக்கும் பெயர் கிடையாது, அவர்கள் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. பொன்முடிப் பெண்ணின் மரணத்தைப் பாட்டு கடந்துபோகும் வேகம், அவளைக் கொன்றவன் விடுதலை ஆனதைத் தோளைக் குலுக்குவதுபோல் சொல்லும் அந்த வரி, இரண்டுமே உறுத்துகின்றன. பிரிட்டனிலிருந்து குடியேறியவர்கள் அப்பலாச்சிய மலைப்பகுதிக்குக் கொண்டுவந்த கொலைப்பாடல் மரபு இதன் வேர்; நம்மிடம் கொலைச்சிந்து என்று அச்சிட்டுச் சந்தைகளில் பாடி விற்ற வகைக்கு அது உறவு. பெண்ணைக் கொன்றவனின் குரலில் கதை சொல்வது அந்த மரபில் சாதாரணம். மரபு என்பதால் உறுத்தல் நீங்கிவிடாது. ஆனால் வில்லி அந்த மனிதனை வீரனாக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். துக்கத்தில் இருக்கும் அவனிடம் கோபமூட்டாதே, அருகில் போகாதே என்றுதான் தலைப்புப் பாடல் ஊராரை எச்சரிக்கிறது. அதற்கு ஓர் ஆண்டு முன்புதான் ஒரு பெண்ணின் பக்கத்திலிருந்து ஒரு முழு இசைத்தட்டுப் பக்கத்தைப் பாடியவர் இவர் என்பதையும் நான் மறப்பதில்லை.

கதை பிடிபடவில்லை என்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தில் கதை உண்மையிலேயே தளர்ந்துவிடுகிறது. டென்வருக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று வரிவரியாகத் தேடினால் கிடைக்காது. வால்ட்ஸும் பாபியின் பியானோவில் துள்ளும் 'டவுன் யாண்டர்' இசையும் நடனக்கூடத்தைக் காட்டுகின்றன, 'கேன் ஐ ஸ்லீப் இன் யுவர் ஆர்ம்ஸ்' தனிமையில் வாடும் ஒருவனின் வேண்டுதல், பில் கேலரி எழுதிய 'ஹேண்ட்ஸ் ஆன் த வீல்' உன் கண்களில் என்னைக் கண்டுகொண்டேன் என்று அவன் சொல்லும் இடம். இவற்றுக்கு இடையே உள்ள இணைப்புகளை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். இதைக் குறை என்று சொல்வோருடன் நான் சண்டை போடமாட்டேன். 1986இல் பில் விட்லிஃப் இயக்கத்தில் வில்லியே நடித்துத் திரைப்படமாக வந்தபோது, காலியான இடங்களையெல்லாம் நிகழ்ச்சிகளால் நிரப்பினார்கள். படம் ஆல்பத்தின் பக்கத்தில்கூட வரவில்லை என்பது என் கருத்து.

மீண்டும் கேட்பதாக இருந்தால், பாடல்களைக் கலைத்துப் போடாமல் வரிசையாகக் கேளுங்கள். மொத்தமே சுமார் 33 நிமிடங்கள்தான். 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள்; இசைத்தட்டைத் திருப்பிப் போட எழுந்து போகும் அந்த இடைவேளையை மனத்தில் வைத்துத்தான் ஆல்பம் அமைக்கப்பட்டிருக்கிறது. 2000இல் வந்த மறுவெளியீட்டில் முடிவில் நான்கு பதிவுகளைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். அவற்றில் ஹாங்க் வில்லியம்ஸின் பாட்டு ஒன்று நன்றாகவே இருக்கிறது, ஆனால் முதல் முறை 15ஆவதான 'பண்டேரா'வோடு நிறுத்திவிடுங்கள். கதை அங்கே முடிகிறது. பிடித்திருந்தால் அடுத்து 'ஃபேசஸ் அண்ட் ஸ்டேஜஸ்', அதன்பின் புக்கர் டி. ஜோன்ஸ் தயாரிப்பில் 1978இல் வந்த 'ஸ்டார்டஸ்ட்'. ஆர்சிஏ காலத்துப் பதிவுகளை இவற்றுக்குப் பிறகு கேட்டால், வயலின்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இதே குரலை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.